சக்கை மாவிலிருந்து கருமணல் வரை: மருத்துவ ஆய்வை நாமே படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் சக்கை (பலா) சீசன் தொடங்கினால் போதும், பச்சைச் சக்கை தின்றால் சுகர் இறங்கிவிடும், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓட ஆரம்பித்துவிடும். முள்சீத்தாப்பழம் கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு பலம் வாய்ந்தது என்பது வருடம் முழுக்க ஓடுகிற செய்தி. மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் போனால், கருமணலில் இருக்கும் கதிர்வீச்சால்தான் இங்கே இத்தனை புற்றுநோய் என்று ஒருவர் சொல்வார். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆய்வே வந்துவிட்டது என்று பக்கத்திலிருப்பவர் அடித்துப் பேசுவார். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் போனால், தின்றால் களைப்பே தெரியாது என்று சொல்லப்படும் மூலிகை, மலைவாழ் மக்களான காணிக்காரர்களின் ஆரோக்கியப்பச்சை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சுகள் பலவற்றுக்கும் பின்னால் உண்மையிலேயே ஏதோ ஒரு ஆய்வு இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் ஆய்வு சொன்னது ஒன்று, நம் கைக்கு வந்து சேர்வது வேறொன்று.

நர்சிங், பயோடெக், பார்மசி படிக்கிற பிள்ளைகளுக்கும், வீட்டில் அப்பாவின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சொல்லப் போவது ஒரே விஷயம்தான்: ஆய்வின் முடிவைக் கடைசியாகப் படியுங்கள். யாரை வைத்துச் செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு அப்புறம் முடிவுக்கு வந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் மூலக் கட்டுரையைக் கண்டுபிடியுங்கள்

செய்தியில் இதழின் பெயரோ, ஆய்வாளரின் பெயரோ, வருடமோ, எதுவுமே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். "அமெரிக்க விஞ்ஞானிகள்" என்று மட்டும் இருந்தால் அது முகவரி இல்லாத கடிதம். ஏதாவது ஒரு நூல் கிடைத்தால் பப்மெட் தளத்தில் தேடுங்கள், இலவசம். அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் நடத்துவது அது. பப்மெட்டில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டுரை நல்ல கட்டுரை ஆகிவிடாது. அது நூலகத்தின் பட்டியல், தரச் சான்றிதழ் இல்லை.

பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான் முதலில் கிடைக்கும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முழுக் கட்டுரை இலவசமாக இருந்தால் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். பணம் கேட்டால், தொடர்புக்குரிய ஆய்வாளரின் மின்னஞ்சல் கட்டுரையிலேயே இருக்கும், இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள். அரசுக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள்.

யாரை வைத்து, அல்லது எதை வைத்துச் செய்தார்கள்?

முள்சீத்தாவை எடுத்துக்கொள்வோம். கட்டுரையில் 'முறைகள்' என்ற பகுதிக்குப் போனால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசைக்கு 12 என்று எட்டு வரிசையாக 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுநோய்ச் செல்கள். இலைச்சாற்றை ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு செறிவில் விடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் நிறத்தில் ஒரு சாயம் சேர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. ஊதா எவ்வளவு மங்கியிருக்கிறது என்று கருவி படித்துச் சொல்லும். "புற்றுநோயை அழிக்கிறது" என்று நமக்கு வந்து சேர்கிற செய்தி பிறப்பது இந்தத் தட்டில்தான்.

இந்தச் சோதனையில் தப்பில்லை, நல்ல மருந்துகள் பலவும் இங்கேதான் முதல் அடி வைத்தன. ஆனால் சோப்புத் தண்ணீர் விட்டாலும் அந்தக் குழியில் செல்கள் சாகும். அதனால் மூன்று விஷயம் பாருங்கள். சாதாரணச் செல்களிலும் அதே சாற்றை விட்டுப் பார்த்தார்களா, இல்லை புற்றுநோய்ச் செல்லில் மட்டும்தானா? அந்தச் செறிவு, குடலையும் கல்லீரலையும் தாண்டி மனித ரத்தத்தில் வரக்கூடியதா? சாறே சாயத்தின் நிறத்தை மாற்றவில்லை என்று உறுதி செய்தார்களா? சில தாவரச் சாறுகள் செல்லே இல்லாமல் மஞ்சளை ஊதாவாக்கிவிடும்.

செல் எது என்பதே சில நேரம் சந்தேகம். 1951-ல் ஒரு பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த ஹீலா செல்கள் மற்ற செல் வரிசைகளுக்குள் புகுந்து அவற்றையே விழுங்கியிருந்ததை ஸ்டான்லி கார்ட்லர் 1966-ல் வெளியே கொண்டுவந்தார். வேறு உறுப்பின் செல் என்று நினைத்துப் பலர் வருடக்கணக்கில் ஹீலாவையே ஆராய்ந்திருக்கிறார்கள். இன்று நல்ல இதழ்கள் செல்லின் அடையாளத்தை டிஎன்ஏ வைத்துச் சரிபார்த்தீர்களா என்று கேட்கின்றன.

மஞ்சளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத்தில் தொட்ட இடத்திலெல்லாம் வேலை செய்வது போலத் தெரியும். காரணம், அதுவே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றும், கண்ட புரதத்திலும் ஒட்டும், சீக்கிரம் சிதையும். 120-க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்தும், இருபக்கமும் மறைத்து, அதாவது யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், செய்த ஒரு பரிசோதனையில்கூடத் தெளிவான வெற்றி இல்லை என்று 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் ஒரு விரிவான மதிப்பீட்டில் எழுதினார்கள். மீன்குழம்புக்கு மஞ்சள் போடுவதை இது தடுக்கவில்லை, மாத்திரையாக வாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

முள்சீத்தாவுக்குத் திரும்பினால், மனிதர்களிடம் கிடைத்த ஒரு தகவல் கலக்கம் தருவது. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் வழக்கமான மருந்துக்கு மசியாத பார்க்கின்சன் வகை நோய் அதிகமாக இருந்தது. அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்தவர்கள் என்று 1999-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பழத்தில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்லுக்கு நஞ்சு என்பது பின்னால் எலிகளில் தெரிந்தது. உடனே மரத்தை வெட்ட வேண்டாம். அது நோயாளிகளையும் நோய் இல்லாதவர்களையும் பின்னோக்கிக் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு, தொடர்பைக் காட்டும், காரணத்தை உறுதி செய்யாது. எப்போதாவது ஒரு பழம் தின்பவரைப் பற்றி அது பேசவில்லை. தினமும் இலையைக் காய்ச்சிக் குடிப்பவர்தான் கவனிக்க வேண்டும், அதிலும் அதை நம்பிப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்.

செல்லுக்கு அடுத்தது விலங்கு. ஆரோக்கியப்பச்சையை 1987 டிசம்பரில் அகத்தியமலையில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான குழு கவனித்தது, வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் வழியெல்லாம் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறியதைப் பார்த்துத்தான். அப்புறம் ஆய்வகத்தில் சுண்டெலிகளை நீந்தவிட்டு, சாறு கொடுத்தவை கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்த்தார்கள். சுண்டெலி நீந்தியதிலிருந்து ரப்பர் வெட்டுகிறவரின் களைப்புக்கு நேராகத் தாவ முடியாது. அளவிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: சுண்டெலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. என்றால் அதை 12.3-ஆல் வகுத்தால்தான் மனிதனுக்குத் தோராயமான இணை அளவு வரும், அதாவது கிலோவுக்கு 32 மி.கி. பெரிய எலியென்றால் 6.2-ஆல் வகுக்க வேண்டும். இதுவும் பரிசோதனையைத் தொடங்கும் அளவைக் கணிக்கத்தான், வீட்டில் அளந்து குடிக்க இல்லை.

எதோடு ஒப்பிட்டார்கள்? கருமணல் சொல்லும் பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இது நம் கடற்கரை விஷயம்.

திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார், மணவாளக்குறிச்சி உலக வரைபடத்தில் ஏறியது அப்படித்தான். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால் இந்த மண்ணில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இது ஆய்வே தேவைப்படாத உண்மை. இதனால் புற்றுநோய் கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

"எங்க தெருவில் நாலு பேருக்குக் கேன்சர்" என்பது ஆய்வு ஆகாது. மற்ற தெருக்களில் எத்தனை பேருக்கு, அங்கே வயதானவர்கள் எத்தனை, பீடி எத்தனை பேர் பிடிக்கிறார்கள், நோயைக் கண்டுபிடிக்க மருத்துவமனை எவ்வளவு பக்கம் என்றெல்லாம் தெரியாமல் நாலு என்பது அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது.

இதை முறையாகச் செய்தது கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில். அங்கேயும் இதே மாதிரி மணல். சில இடங்களில் வெளிப்புறக் கதிர்வீச்சு வருடத்துக்கு 70 மில்லிகிரே வரை (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). 1990-களில் 3,85,103 பேரைப் பதிவு செய்தார்கள். வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள், ஒருவர் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப எவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருப்பார் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அதில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் தொடர்ந்து பார்த்ததில் 2005 முடிய 1,379 புற்றுநோய்கள். அதிகக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் குறைவாக வாங்கியவர்களுக்கும் ஒப்பிட்டபோது வயது, பாலினம், சமூகநிலை, பீடிப் பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு: கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடவில்லை.

இப்படி ஒரு கூட்டத்தை முன்கூட்டியே பதிந்துகொண்டு வருடக்கணக்கில் பின்தொடர்வதுதான் கோஹார்ட் ஆய்வு. கவனிக்க வேண்டியது பீடி. கடலோர ஊரில் மண்ணும் இருக்கிறது, பீடியும் இருக்கிறது. பீடியைக் கழிக்காமல் எண்ணினால் அதன் பழி மண்ணின் மேல் விழும். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இரண்டு குழுவுக்கும் நடுவே வேறு என்ன வித்தியாசம் இருந்திருக்கும், அதைக் கழித்தார்களா?

அதே சமயம் இந்த ஆய்வைக் காட்டி "மண் சுத்தமாகப் பாதுகாப்பானது" என்று சொல்பவரும் எல்லை மீறுகிறார். ஒரு கிரே அளவுக்குக் கூடுதல் அபாயம் கழித்தல் 0.13 என்று வந்தது, ஆனால் அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, கழித்தல் 0.58 முதல் கூட்டல் 0.46 வரை. பூஜ்யம் உள்ளேயே இருக்கிறது, அதனால் அபாயம் தெரியவில்லை. ஆனால் கூட்டல் பக்கமும் உள்ளே இருக்கிறது, அதனால் சின்ன அபாயம் ஒன்று இருந்தாலும் இந்த ஆய்வு அதை மறுத்துவிடவில்லை. ரத்தப் புற்றுநோய் மொத்தமே 30 பேருக்குத்தான், அதைத் தனியாக வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, இது வீடுகளில் வசித்தவர்களைப் பற்றியது. மணல் பிரிக்கும் இடத்தில் தூசியை மூச்சில் இழுத்து வேலை செய்பவரின் கேள்விக்கு இதில் பதில் தேடக் கூடாது.

எதை அளந்தார்கள்?

இதே கேரளக் கடற்கரையில் இன்னும் இரண்டு ஆய்வுகள். 2002-ல் வந்த ஒன்று, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தது. கதிர்வீச்சு அதிகமான பகுதிக் குடும்பங்களில் புதிய மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. இன்னொன்று 1995 முதல் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை, சுமார் 1.4 லட்சம் பேரை, பார்த்தது. பிறவிக் குறைபாடோ இறந்து பிறப்பதோ கதிர்வீச்சோடு சேர்ந்து கூடவில்லை.

ஒன்று "ஆபத்து" என்கிறது, இன்னொன்று "இல்லை" என்கிறது, எந்த விஞ்ஞானியை நம்புவது என்று கோபப்பட வேண்டியதில்லை. அளந்தது வேறு வேறு. டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாறுவது நோய் ஆகாது, பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்யாமல் போய்விடும். இரண்டு ஆய்வும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். யாராவது ஒன்றை மட்டும் உங்களிடம் நீட்டினால் மற்றதைத் தேடிப் படியுங்கள்.

பொதுவாகவே, நமக்கு வேண்டிய பலன் எது, அவர்கள் அளந்தது எது என்று பார்க்க வேண்டும். நமக்கு வேண்டியது மாரடைப்பு வராமல் இருப்பது, அளப்பது கொலஸ்ட்ரால். நமக்கு வேண்டியது காலும் கண்ணும் சிறுநீரகமும் கெடாமல் இருப்பது, அளப்பது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி. அளப்பது எளிது என்பதால்தான் அதை அளக்கிறார்கள், அதில் குற்றமில்லை, ஆனால் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது.

குலுக்கிப் பிரித்தார்களா? இனி சக்கைக்கு வருவோம்

காரணத்தைப் பிடிக்க நமக்கு இருக்கும் நல்ல வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பது. டாக்டர் விருப்பப்படியோ நோயாளி விருப்பப்படியோ பிரித்தால் தெம்பாக இருப்பவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். 1956-ல் சென்னையில் காசநோயாளிகளை அப்படிக் குலுக்கி, ஒரு பாதியைச் சானடோரியம் எனப்படும் காசநோய் விடுதி மருத்துவமனையிலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள், மொத்தம் 193 பேர். நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் இருந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலம். வீட்டில், நெருக்கடியான தெருவில், சரியான சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் இது வெளிவந்த பிறகு சானடோரியம் என்ற ஏற்பாடே உலகம் முழுக்க மெல்ல மெல்ல மறைந்தது. இந்த ஆய்வில் யார் எங்கே இருக்கிறார் என்பதை மறைக்க வழியில்லை, ஆனால் சளியில் கிருமி வளர்கிறதா இல்லையா என்பது யாருடைய நம்பிக்கைக்கும் வளையாது, அதனால் முடிவு நின்றது.

சரி, சக்கை. 2021-ல் வந்த ஆய்வு ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் நடந்தது. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 40 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 30 கிராம் பச்சைச் சக்கை மாவு, அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாக. மறு பாதிக்கு வேறு மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்துச் சக்கை மாவுக் குழுவில் எச்பிஏ1சி 0.25 புள்ளி இறங்கியது, மற்றதில் ஏறக்குறைய மாறவில்லை.

முறை நல்ல முறை, இதை யாரும் கேலி பேச வேண்டாம். ஆனால் எண்ணிக்கை 40, காலம் மூன்று மாதம், இறக்கம் கால் புள்ளி. வழக்கமான சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சராசரியாக ஒரு புள்ளி அளவுக்கு இறக்கும். சக்கை மாவு விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அதனால் ஆய்வு பொய் என்று ஆகாது, வேறு குழு ஒன்று திரும்பச் செய்து காட்டும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று ஆகும். முக்கியமாக, இது காய்ச் சக்கையின் மாவு, சோற்றுக்கு *மேலே* போட்டது இல்லை, மாவுக்கு *பதிலாக*ப் போட்டது. பழுத்த வருக்கைச் சுளை பத்தைத் தின்றுவிட்டு "ஆய்வு இருக்கிறது" என்று சொல்பவர் படித்தது தலைப்பை மட்டும்தான்.

சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு 2023-ல் லான்செட்டில் வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் சத்தான உணவுப் பொருள் கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது குறையுமா என்பது கேள்வி. ஆளைக் குலுக்காமல் வீட்டையே குலுக்கினார்கள், ஏனென்றால் ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டில் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. செய்தித்தாள்களில் வந்தது: காசநோய் 39 சதவீதம் குறைந்தது (குழுக்களின் மற்ற வித்தியாசங்களைக் கழித்த பிறகு வந்த எண்).

எண்களைப் பாருங்கள். உணவு கிடைக்காத பக்கம் சுமார் 4,700 பேரில் 122 பேருக்கு நோய், அதாவது நூற்றுக்கு 2.6. கிடைத்த பக்கம் 5,621 பேரில் 96 பேருக்கு, நூற்றுக்கு 1.7. வித்தியாசம் நூற்றுக்கு 0.9. தோராயமாக 110 பேருக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்குக் காசநோய் தடுக்கலாம்.

இதோடு சென்னையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வை வைத்துப் பாருங்கள், 2006-ல் வந்தது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேர், மூன்று வருடம். தனி வழிநடத்தல் எதுவும் இல்லாத குழுவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்திய குழுவில் 39.3. விகிதத்தில் பார்த்தால் 28.5 சதவீதக் குறைவு, 39-ஐவிடச் சின்ன எண். ஆனால் நேர் வித்தியாசம் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல். ஆறேழு பேரை நடக்க வைத்தால் ஒருவரைக் காப்பாற்றலாம். தலைப்பில் சின்னதாகத் தெரிந்தது தனி ஆளுக்கு எவ்வளவு பெரியது பாருங்கள். சதவீதம் கண்ணில் பட்டவுடன் "எதில்?" என்று கேளுங்கள், நூறு பேரில் எத்தனை பேர் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ரேஷன்ஸ் ஆய்வு மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அரிசி பருப்புக்குப் பக்கவிளைவு கிடையாது, ஏழை வீட்டில் அது எப்படியும் வேண்டும், என் கணக்கில் 110 என்பது நல்ல பேரம்தான்.

பி மதிப்பு, அதாவது பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு, பற்றி ஒரு வரி: 0.05-க்குக் கீழே வந்தால் வெற்றி என்று கொண்டாடுவார்கள். எந்தப் பலனும் இல்லாத இடத்திலும் இருபது விதமாக ஒப்பிட்டால் சராசரியாக ஒன்று தற்செயலாகவே அப்படி வரும். அதனால் எத்தனை ஒப்பீடு செய்தார்கள் என்று எண்ணுங்கள்.

நம் மாவட்டத்துக்குப் பொருந்துமா?

2023-ல் வெளியான, நாடு முழுக்கச் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 1,13,043 பேரைப் பார்த்து, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாடு 14.4, கேரளம் 25.5. நாம் எதில் சேர்த்தி? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம், மரச்சீனியும் (மரவள்ளி) மீனும் தேங்காயெண்ணெயும் இன்னும் நம் சமையலில்தான், எண்ணிக்கையில் மட்டும் தமிழ்நாடு. மாநிலச் சராசரி மாநிலத்துக்குத்தான், அதை அப்படியே குளச்சலுக்கோ குலசேகரத்துக்கோ போர்த்த முடியாது. இன்னொரு எச்சரிக்கை: இது ஒரு காலத்தில் எடுத்த படம் போன்ற கணக்கெடுப்பு. எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று சொல்லும், எதனால் வந்தது என்று சொல்லாது. மரச்சீனியால்தான் கேரளத்தில் சுகர் என்று யாராவது இந்த எண்ணைக் காட்டிப் பேசினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பதிவு, முன்வரைவு, திரும்பப் பெற்றவை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்தியாவில் 2007 முதல் சிடிஆர்ஐ என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது; மருந்துப் பரிசோதனைகள் 2009 ஜூன் 15 முதல் கட்டாயம் அதில் பதிய வேண்டும். கட்டுரையில் இருக்கும் பதிவு எண்ணை அங்கே போட்டுப் பாருங்கள். தொடங்கும்போது அளக்கப் போவதாகச் சொன்னதும் கடைசியில் கொட்டை எழுத்தில் போட்டதும் ஒன்றுதானா? நடுவில் மாறியிருந்தால், அம்பு விழுந்த இடத்தில் வட்டம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ் என்று இருந்தால் சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்காத முன்வரைவு. பப்மெட்டில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற பட்டை இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பெரிய இதழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பதும் இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்து என்று 96,032 பேரின் தரவோடு லான்செட்டில் 2020 மே 22 அன்று ஒரு கட்டுரை வந்தது; உலக சுகாதார அமைப்பு தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பகுதியையே நிறுத்தி வைத்தது. தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது காட்ட முடியவில்லை, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கோவிடுக்குப் பலன் தராது என்பது பின்னால் முறையான குலுக்கல் பரிசோதனைகளில்தான் உறுதியானது.

அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்

படித்தவுடன் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் தலைப்பு மட்டும்தான் மனதில் நிற்கும். சக்கைக்கு நான் எழுதி வைத்திருப்பது இப்படி: "ஸ்ரீகாகுளம், 2021. டைப் 2, 40 பேர், 12 வாரம். குலுக்கல், இருபக்கமும் மறைப்பு. தினம் 30 கிராம் காய்ச் சக்கை மாவு, மற்ற மாவுக்குப் பதிலாக. அளந்தது எச்பிஏ1சி. இறக்கம் 0.25. ஆசிரியரில் ஒருவருக்கு வியாபாரத் தொடர்பு. பழத்துக்குப் பொருந்தாது. மாத்திரையை நிறுத்தக் காரணம் இல்லை. இட்லி மாவில் கொஞ்சம் சேர்க்க ஆசைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சேர்க்கலாம், சுகர் இறங்கிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு." கடைசி இரண்டு வரி என் முடிவு, ஆய்வின் முடிவு இல்லை, அதனால் அதைத் தனியாகக் கோடு போட்டு எழுதுவேன்.

உங்களையே ஆய்வில் சேரக் கேட்டால்

இதுவும் நம் ஊரில் நடக்கிறதுதான், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வருவார்கள், மருத்துவமனையில் புது மருந்துக்குக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், மேலே சொன்ன எல்லா எண்ணும் யாரோ ஒருவர் சரி என்று கையை நீட்டியதால் வந்ததுதான். ஆனால் உங்களுக்குப் புரியும் மொழியில், தமிழில், படிவம் வேண்டும் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. மருந்துப் பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. மிச்ச ரத்தத்தை வைத்துக்கொள்வார்களா, வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை.

அதிலிருந்து ஏதாவது விற்பனைக்கு வந்தால் யாருக்குப் பங்கு என்பதும் நியாயமான கேள்விதான். ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து 1990-களின் நடுவில் ஏழு வருட உரிமம் கொடுத்தபோது, பத்து லட்ச ரூபாயும் விற்பனையில் இரண்டு சதவீதமும் பேசி, அதில் பாதி காணி மக்களுக்கு என்று, மருந்தைச் செய்த கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா முடிவு செய்தது. அந்தப் பணத்துக்காக 1997-ல் காணி மக்களின் அறக்கட்டளையே பதிவானது. பல்லுயிர்ச் சட்டம் 2002-ல்தான் வந்தது, அதற்கு முன்பே இது நடந்தது.

படிவத்தில் நெறிமுறைக் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து போடாதீர்கள், ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையான ஆய்வாளர் ஒருநாள் காத்திருப்பார்.